இரண்டாம் மேஸ்

காலை எட்டு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு சட்டைப்பை அகராதி. பொலிஸ் சார்ஜன்டின் மேசையில், தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில், விரித்தபடி குப்புறக் கிடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் ஆங்கில–சிங்கள அகராதி. முதுகு கிழிந்து, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரால் ஒட்டப்பட்டிருந்தது.

இரண்டாவதாகக் கண்டது சவரிமுத்துவை. கம்பிக்கு அந்தப் பக்கம் சுவரில் சாய்ந்து குந்தியிருந்தான். செருப்பில்லை. என்னைப் பார்த்தான்; தெரிந்தவனைப் பார்க்கிற பார்வை அல்ல. பிறகு தரையைப் பார்த்தான்.

அது எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் ஒன்று. நான் மாத்தளையிலிருந்து ஒரு தமிழ் நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். காலையில் நகரத்தையும் சுற்றுவட்டாரத்தையும் சைக்கிளில் ஒரு சுற்று வருவேன்: ஆஸ்பத்திரி, நீதிமன்ற வாசல், இரண்டு மூன்று பொலிஸ் நிலையங்கள். இது நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு சிறிய நிலையம். பெயர் தேவையில்லை.

"பத்தர மஹத்தயா, நல்ல நேரத்தில வந்தீங்க" என்றார் சார்ஜன்ட். பத்திரிகைக்காரர்களை அப்படித்தான் அழைப்பார். அவர் பேசியது சிங்களம். இங்கே தமிழில் தருகிறேன். "இங்கிலீஷ் தெரியும்தானே? மேஸ்னா என்ன?"

"எந்த மேஸ்?" என்று கேட்டேன்.

"எந்த மேஸா? எத்தன மேஸ் இருக்கு?"

"நாலைஞ்சு இருக்கும்."

"என் புத்தகத்தில ஒண்ணுதான் இருக்கு." அகராதியைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். அவருடைய நகம் வரியின் கீழ் நின்றது. சிங்களத்தில் ஒரே ஒரு சொல்: முகுர. தண்டாயுதம்.

அப்புறம் கடிதத்தைக் காட்டினார்.

கடிதம்

ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த நான்கு வரி. கொழும்பிலுள்ள ஒரு தரகருக்கு. மேஸ் அறுபது இறாத்தல் தயாராக உள்ளது. பெரும்பாலும் முழு பிளேட்கள், உடைந்தவை குறைவு. வெளிச்சம் படாமல் வைத்திருக்கிறோம். எங்கே, யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதை உடனே அறிவிக்கவும்.

கீழே கையெழுத்து இல்லை.

சவரி, திருகோணமலை வீதியில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்த ஹாஜியாரின் கடையில் கிளார்க். ஹாஜியார் அந்த வாரம் பல்லேபொலவில் தங்கி, வீட்டுத் தோட்டங்களில் சரக்கு வாங்கிக்கொண்டிருந்தார். முந்தின நாள் கடிதத்தை நகரத்தில் தட்டச்சு செய்து, அவரிடம் கையெழுத்து வாங்குவதற்காகப் பல்லேபொல பஸ்ஸில் ஏறியிருக்கிறான் சவரி. வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை. அடையாள அட்டையில் எல்கடுவத் தோட்டத்து முகவரி, தமிழ்ப் பெயர். சட்டைப்பையில் இந்தக் காகிதம்.

சார்ஜன்டின் கணக்கு நேரானது. தண்டாயுதம் அறுபது; இறாத்தலை அவர் கணக்கில் எடுக்கவில்லை. முழுக் கத்தி, உடைந்த கத்தி. இருட்டில் மறைத்து வைத்திருக்கிறார்கள். யாரிடம் கொடுப்பது என்று கேட்கிறார்கள். கையெழுத்துப் போட யாருக்கும் துணிச்சல் இல்லை.

"பதினொரு மணிக்கு மேலிடத்திலிருந்து ஜீப் வருது" என்றார்.

அந்த ஜீப்பைப் பற்றி அப்போது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதில் ஏறியவர்களில் சிலர் ஒரு மாதத்தில் வந்தார்கள். சிலர் ஒரு வருடத்தில். சிலருடைய மனைவிமார் வெள்ளைக் காகிதத்தில் மனு எழுதித் தரச் சொல்லி என் வீட்டுக்கு வந்தார்கள்.

சிவப்பு வலை

கடிதத்தில் இருந்த மேஸ் வேறு. இந்தியாவில் அதைச் சாதிபத்திரி என்பார்கள். எங்கள் பக்கத்தில் சாதிக்காய்ப் பூ, அல்லது வசுவாசி. சிங்களவர்களும் ஏறக்குறைய அதையே சொல்வார்கள்: வசாவாசி.

சாதிக்காய் பழுத்தால் தானாக வெடிக்கும். உள்ளே கறுத்த கொட்டை. கொட்டையைச் சுற்றி ஒரு வலை, கோழிக்கொண்டை நிறத்தில், ஈரமாக, இப்போதுதான் யாரோ பின்னி முடித்ததுபோல. அதைக் கிழியாமல் விரலால் கழற்ற வேண்டும். கழற்றித் தட்டையாக அழுத்திக் காயவைத்தால் சிவப்பு செம்மஞ்சளாகி, பிறகு வெளிறிய மஞ்சளாகும். காய்ந்தபின் கையில் எடுத்தால் கொம்பு மாதிரி இருக்கும். கொஞ்சம் அழுத்தினால் டக்கென்று உடையும். வெளிச்சத்தில் கிடந்தால் நிறம் போய்விடும். முழு இதழுக்கு ஒரு விலை, உடைந்ததற்கு வேறு விலை.

ஆங்கிலத்தில் வியாபாரம் செய்பவர்கள் அந்த இதழைத்தான் 'பிளேட்' என்கிறார்கள்.

ஹாஜியாரின் கடைக்குள் நுழைந்தால் முதலில் மிளகு மூக்கில் ஏறும், அடுத்தது கராம்பு. வசுவாசியின் வாசனை கடைசியில்தான் வரும். கடையிலிருந்து வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்தபின் சட்டையில் மிஞ்சியிருப்பது அதுதான்.

சபாநாயகரும் சாதிபத்திரியும்

அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய உறவு உண்டு.

மாத்தளைக்குத் திரும்புவதற்கு முன்பு கொழும்பில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு மேசையில் இரண்டு வருடம் இருந்தேன். ஆங்கிலத்தில் வரும் செய்தியைத் தமிழாக்கிக் கொடுக்க வேண்டும். ஒருநாள் பாராளுமன்றச் செய்தி. 'மேஸ் முன்னே செல்ல, சபாநாயகர் அவைக்குள் வந்தார்' என்று இருந்தது.

நான் மாத்தளைக்காரன். எனக்குத் தெரிந்த மேஸ் ஒன்றுதான். சிறிதும் யோசிக்காமல் எழுதினேன்: "சாதிபத்திரி முன்னே செல்ல, சபாநாயகர் அவைக்குள் பிரவேசித்தார்."

அச்சுப்பிழை திருத்துபவர் ஓர் அமைதியான மனிதர். வருடத்துக்கு நான்கு தடவை பேசுவார். அன்று என் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். விளிம்பில் சிவப்பு மையால் ஒரே வரி: "பின்னால் வந்தது ஏலக்காயா?"

அன்றுதான் அலுவலகத்துப் பெரிய அகராதியைத் திறந்தேன். மேஸ் என்று இரண்டு தலைப்பு இருந்தது. எழுத்து ஒன்றே, தலைக்கு மேல் சின்னதாக ஒன்று, இரண்டு என்று இலக்கம். முதலாவதன் கீழ், பழங்காலப் போர்வீரனின் முள்வைத்த தண்டாயுதம். அதிலிருந்து பிறந்த செங்கோல். பிறகு, பில்லியட்ஸ் மேசையில் ஒருகாலத்தில் பந்தைத் தள்ளிய தட்டைத்தலைக் கோல். இரண்டாவதன் கீழ் எங்கள் ஊர்ப் பூ. இரண்டுக்கும் பூர்வீகம் வேறு. பெயர் ஒற்றுமை மட்டும்தான். பிற்காலத்தில் கண்ணில் அடிக்கும் எரிபுகைக்கும் அதே பெயர் வந்துவிட்டது.

ஆங்கிலத்தில் நான்கே எழுத்து. அடிக்கவும், ஆளவும், ஆடவும், பிரியாணிக்குள் போடவும்.

சொல் கொடுத்தவர்

சவரிக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தது நான்.

சம்பவத்துக்குச் சில மாதம் முன்பு, கடைவாசலில் என்னை நிறுத்தினான். கையில் கொழும்புத் தரகரின் கடிதம்.

"அண்ணே, இவன் பாருங்க, நக்கல் பண்ணி எழுதியிருக்கான். 'வசுவாசி'ன்னா என்னன்னு கேக்குறான். இங்கிலீஷ் கடுதாசியில இங்கிலீஷ்ல எழுதச் சொல்றான். ஹாஜியார் என்னைய ஏசுறாரு."

சிகரெட் பெட்டியின் அட்டையைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன். எம், ஏ, சி, இ. இதழுக்கு பிளேட் என்றும் சொன்னேன்.

"அவ்வளவுதானா? வெள்ளைக்காரன் இம்புட்டுக்காணு பேரு வச்சிருக்கான்." வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். "ஒண்ணும் வில்லங்கமில்லயே?"

"நல்ல சொல்" என்றேன்.

எல்கடுவத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படித்து, தட்டச்சு பழகி, கொழுந்துக் கூடை தூக்காமல் நகரத்தில் மேசை வேலைக்கு வந்தவன் சவரி. மனைவி மேரி தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் இருவரையும் பார்ப்பேன். பிழையில்லாத ஒரு கடிதம் எழுதிவிட்டால் அதை என்னிடம் காட்டுவான்.

"ஒன்றாம் மேஸ் யாரு?"

நிலையத்துக்கு வருகிறேன்.

சார்ஜன்டிடம் வசாவாசி என்று சொன்னேன். பூ என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"அவனும் அதத்தான் சொல்றான். வசாவாசின்னா வசாவாசின்னு எழுதியிருக்கலாமே. எதுக்கு ஆயுதத்திட பேரு?"

அவர் லக்கலைக்காரர். அங்கே சாதிக்காய் மரம் கிடையாது. வயலும், காடு எரித்து விதைக்கும் சேனையும், யானையும்தான். வசுவாசியை வைத்தியர் கொடுக்கும் கஷாயப் பொட்டலத்தில் ஒரு துண்டாகப் பார்த்திருப்பார். கெட்ட மனிதரல்ல. யானை வந்ததா, வரவில்லையா என்பதுபோன்ற பதில்தான் அவருக்கு வேண்டும்.

கம்பிப் பக்கம் திரும்பினார். "டேய், இந்தச் சொல்ல உனக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

சவரி எழுந்து நின்றான். "புத்தகத்தில பார்த்தேன் சார்."

"எந்தப் புத்தகம்?"

மறுபடி தரையைப் பார்த்தான். எந்தப் புத்தகமும் இருக்கவில்லை.

"பாருங்க" என்றார் சார்ஜன்ட் என்னிடம். "இந்த எடத்தில வந்ததும் வாய மூடிக்கிறான். நேத்திலிருந்து இப்படித்தான்."

பெரிய அகராதி ஒன்று கொண்டுவருகிறேன், அதில் எல்லா அர்த்தமும் இருக்கும் என்றேன். ஒன்பது மணிக்குச் சைக்கிளில் கிளம்பினேன்.

என் வீட்டு மேசையில் ஒரு பெரிய அகராதி இருந்தது. முதல் பக்கத்தில் என் பெயரும் ஊரும் எழுதியிருந்தேன். நான் வீட்டுக்குப் போகவில்லை. கோயிலுக்குப் போய், பங்குச் சாமியாரிடமிருந்த அகராதியைக் கேட்டு வாங்கினேன். அதில் எந்தப் பெயரும் இல்லை.

திரும்பி வரும்போது மணி பத்தாகிவிட்டது. ஹாஜியார் வந்திருந்தார். பல்லேபொலவில் செய்தி கேட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறார். மடியில் ஒரு பிஸ்கட் டின், தலையில் தொப்பி, கழுத்தெல்லாம் வியர்வை.

"தம்பி, இவங்களுக்கு நான் சென்னேன், கேக்குறாங்க இல்லை" என்றார். "எங்கட ஆள்கள்ல சிலபேருக்கு தொழுகைக்கு ஒளு செய்யக்குள்ள கைய கழுவினதா இல்லையாண்டு சந்தேகம் வரும். திரும்பித் திரும்பிக் கழுவுவாங்க. அதுக்குப் பேரு வஸ்வாஸ். இவங்களுக்கு வசுவாசியில வஸ்வாஸ் வந்தீக்குது."

சார்ஜன்டுக்குத் தமிழ் கொஞ்சம் புரியும். "என்ன சொல்றாரு முதலாளி?"

"சரக்கு நல்ல சரக்குண்டு சென்னேன், மாத்தயா" என்றார் ஹாஜியார்.

கம்பிக்குப் பின்னால் சவரி சிரித்துவிட்டான். அந்த நிலையத்தில் அன்று கேட்ட ஒரே சிரிப்பு.

அகராதியை விரித்துக் காட்டினேன். சார்ஜன்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து, எழுத்து எழுத்தாகப் பார்த்தார்.

"மேல சின்னதா ஒண்ணு, ரெண்டுன்னு போட்டிருக்கே, அது என்ன?"

"ஒரே மாதிரி எழுதுற ரெண்டு வேற சொல். அதுக்கு இலக்கம்."

"ஒன்றாம் மேஸ் யாரு?"

"தண்டாயுதம்."

"ரெண்டாம் மேஸ்தான் பூ?"

"ஆமா."

"அப்ப ஒன்றுதானே முதல்? ரெண்டு அதுக்குக் கீழதானே?" அவர் கேலி செய்யவில்லை. பொலிஸில் இலக்கம் அப்படித்தான். முதலாம் சந்தேகநபர், இரண்டாம் சந்தேகநபர்.

ஹாஜியார் டின்னைத் திறந்து மேசையில் வைத்தார். சார்ஜன்ட் ஓர் இதழை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். இரண்டு விரலால் அழுத்தினார். உடைந்தது. உடைந்த துண்டை மறுபடி மோந்தார்.

"இது பிளேட்" என்றார், தனக்குத்தானே.

"இது பிளேட்" என்றேன் நானும்.

பத்தரை மணி

அவர் நம்பிவிட்டார் என்பது அப்போதே தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மஹத்தயா, நேத்து பின்னேரமே டெலிபோன்ல மேல சொல்லிட்டேன். மேஸ் அறுபதுன்னு. அவங்க எழுதிக்கிட்டாங்க. இப்ப அது பூன்னு நான் சொன்னா என்னப் பத்தி என்ன நினைப்பாங்க?"

ஹாஜியார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "மாத்தயா, அந்தப் புள்ளைக்குப் பொஞ்சாதி ஈக்கிறா. நான் கையெழுத்து வைக்கிறேன். சரக்கு என்ட."

"நீங்க முதலாளி. நீங்க காப்பாத்தத்தான் பார்ப்பீங்க." சார்ஜன்ட் யோசித்தார். "ஒரு வழி இருக்கு. இந்தச் சொல்ல இவனுக்குக் குடுத்தது யாரு? படிச்ச ஆளா, வாத்தியாரா, சாமியாரா, யாரோ ஒருத்தர். அந்த ஆள் இங்க வந்து, 'நான்தான் சொல்லிக் குடுத்தேன், பூவுக்குத்தான் சொல்லிக் குடுத்தேன்'னு ஒரு வாக்குமூலம் குடுத்தா நான் இங்கயே முடிச்சிடுவேன். ஜீப்ப வெறுமையா அனுப்பலாம். காகிதத்தில ஒரு பேர் வேணும். அவ்வளவுதான்."

சுவர் மணிக்கூட்டில் பத்தரை. மேசையில் வாக்குமூலப் புத்தகம் திறந்திருந்தது; அதன்மேல் ஒரு நீலப் பேனா, மூடி கழற்றியபடி.

அந்த வருடத்தில் எனக்குத் தெரிந்த தமிழ் நிருபர்கள் இருவர் தடுப்புக்காவலில் இருந்தார்கள். ஒரு பொலிஸ் புத்தகத்தில் ஆயுதம் என்று எழுதப்பட்ட சொல்லின் பக்கத்தில் என் பெயர் வரும். அதை எத்தனை பேர் வாசிப்பார்கள், எந்த மேஸ் என்று யார் கேட்பார்கள்: இவற்றை நான் யோசித்தேன். எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தபோது பத்து முப்பத்தெட்டு.

"சொல்லுடா" என்றார் சார்ஜன்ட் கம்பிப் பக்கம் திரும்பி. "யாரு?"

சவரி என்னைப் பார்க்கவில்லை. காலையிலிருந்து ஒரு தடவைகூட என்னை அண்ணே என்று அழைக்கவில்லை.

"புத்தகத்திலதான் சார் பார்த்தேன்."

"இந்தப் புத்தகமா?" சாமியாரின் அகராதியைத் தூக்கிக் காட்டினார்.

"ஆமா சார். அந்தப் புத்தகம்தான்."

அந்தப் புத்தகத்தை அவன் அதற்குமுன் பார்த்ததில்லை. சார்ஜன்ட் வாக்குமூலப் புத்தகத்தைப் பார்த்தார், அகராதியைப் பார்த்தார். புத்தகத்திடம் வாக்குமூலம் வாங்க முடியாது. பேனாவை எடுத்து மூடினார்.

அந்த மூடி பொருந்துவதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன்.

ஜீப் பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் வந்தது. சவரியை ஏற்றினார்கள். கடிதத்தையும் பிஸ்கட் டின்னையும் அகராதியையும் சான்றுப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். ஹாஜியார் வாசல்வரை ஓடிப்போய்த் தன் செருப்பைக் கழற்றி ஜீப்புக்குள் போட்டார். வெறுங்காலோடு வெயிலில் நின்றார்.

"தம்பி, யாரு அந்த ஹயாத்து முடிஞ்சவன்?" என்று, சொல் கொடுத்தவனின் ஆயுளைச் சபித்து என்னிடம் கேட்டார். "வந்து ஒரு பேச்சு சென்னா என்ன?"

தெரியாது என்றேன்.

பிறகு

பத்தொன்பது நாள். அதற்குள் ஹாஜியார் ஒரு சட்டத்தரணியை அமர்த்தினார். மேரி தோட்டத்தில் வேலைக்குப் பேர் போடாமல் ஒவ்வொரு நாளும் கடைக்கு வந்து, சாக்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் அந்தச் செய்தியைப் பத்திரிகைக்கு அனுப்பவில்லை. சாமியாருக்கு என்னுடைய அகராதியைக் கொடுத்தேன், முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு.

மேலிடத்தில் யாரோ ஒருவருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. விடுதலைக் கடிதத்தில் காரணம் எதுவும் இல்லை. சவரி எல்கடுவ பஸ்ஸில் ஏறாமல் நேரே கடைக்கு வந்தான், ஹாஜியாரின் செருப்போடு. வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. மறுவாரமே தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தான். இடது கையால் அடித்தான். வேகம் குறைந்திருந்தது, பிழை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் சந்தித்தோம். "சௌக்கியமா அண்ணே?" என்றான். மேரியும் தலையாட்டினாள். அன்று நான் சொல்லாததைப் பற்றி அவனிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. அவன் கேட்கவில்லை. ஹாஜியாரிடமும் அவன் சொல்லவில்லை. அவர் மௌத்தாகும்வரை என்னை மதிப்போடுதான் நடத்தினார்.

சில மாதம் கழித்து வேறு ஏதோ வேலையாகக் கடைக்குப் போனேன். சவரி சாப்பிடப் போயிருந்தான். மேசையில் கொழும்புக்குப் போகும் கடிதங்கள் கையெழுத்துக்குக் காத்திருந்தன. மிளகு, கராம்பு, ஏலக்காய் எல்லாம் ஆங்கிலத்தில், வரிசை பிசகாமல். ஹாஜியார் கண்ணாடியை மூக்கில் இறக்கி, ஒவ்வொரு கடிதத்திலும் ஓரிடத்தில் பேனாவால் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில் சவரி நான்கு எழுத்துக்கு வெற்றிடம் விட்டிருந்தான்.